மீதிக் காலத்துக்கு யார் பொறுப்பு?

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், போர்டு மீட்டிங் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு முழுநேர இயக்குநரை அனுப்பி வைத்த விதம் இன்றும் என்னை உறுத்துகிறது.

5 ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர். அதை நம்பிக் கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்து, பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்திருந்தார். பாதிக் காலம் முடிந்த நேரத்தில் நிர்வாகம் கைமாறியது. புதியவர்களுக்கு அவர் வேண்டாம். வேலையில் ஒரு குறையும் சொல்லவில்லை. "ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க சார், பேர் கெடாது. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. தேதி மட்டும் காலி. கையெழுத்துப் போட்டார்.

பிறகு இழப்பீடு கேட்டபோது, 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 202-ஆவது பிரிவைக் காட்டினார்கள். தானாக ராஜினாமா செய்தவருக்குப் பதவியிழப்பு இழப்பீடு தரக்கூடாது என்கிறது அது. மோசடி, படுமோசமான அலட்சியம், நிர்வாகச் சீர்கேடு என்றாலும் கிடையாது. தப்பேதும் இல்லாமல் நீக்கப்பட்டவருக்குத் தரலாம். அதற்கும் உச்சவரம்பு உண்டு: மீதி ஒப்பந்தக் காலம் அல்லது 3 ஆண்டு, எது குறைவோ அதற்கான சம்பளம். முந்தைய 3 ஆண்டுச் சராசரியை, பதவியில் இருந்தது அதைவிடக் குறைவு என்றால் இருந்த காலத்தின் சராசரியை வைத்துக் கணக்கிடுவார்கள். மாதச் சராசரி 3 லட்சம், மீதி 30 மாதம் என்றால் 90 லட்சம் வரை தரலாம். அந்த ஒரு பக்கக் கடிதம் அத்தனையையும் அடைத்துவிட்டது.

பெரிய சம்பளக்காரருக்கு எதற்குப் பரிதாபம் என்று கேட்பவர்கள் உண்டு. தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு இதில் ஒரு பங்குகூடக் கிடைக்காது என்பது உண்மை. அது எனக்கும் ஆறாத கோபம். ஆனால் 5 வருஷம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பாதியில் கைகழுவுவது யாருக்குச் செய்தாலும் அநியாயம்தான்.

சட்டம் 'தரலாம்' என்றுதான் சொல்கிறது. தந்தே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அண்மையில் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு நிர்வாக இயக்குநராகப் போகும் நண்பர் தன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். 3 மாத நோட்டீஸைத் தவிர விலகலைப் பற்றி ஒரு வரி இல்லை. காரணமின்றி நீக்கினால் எவ்வளவு, எத்தனை நாளில் என்று சேர்க்கச் சொன்னேன். கேட்டதும் சேர்த்துக் கொடுத்தார்கள்.