குவில்ட் தைத்தது லேசு, விற்கத்தான் இவ்வளவு அலைச்சல்

ஒருவழியாகப் போன கிழமை வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. அதைச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டவேண்டும் என்று அம்மா நிற்கிறா. அந்த அளவுக்கு இழுத்தடித்துவிட்டார்கள். துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் சின்ன ஆர்ட் குவில்ட் செய்து விற்கலாமா என்று யாழ்ப்பாணத்திலேயே சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காக, நான் எங்கெங்கே மாட்டுப்பட்டேன் என்று எழுதுகிறேன். மூன்று அடுக்கு வைத்து மெசினில் கோடு ஓட்டத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் அதற்குக் காணொளிகள் தாராளமாக இருக்கின்றன.

நான் செய்வது சுவரில் மாட்டும் துண்டுகள். ஏ4 அளவு, இல்லாவிட்டால் 12 அங்குலச் சதுரம். 1989இல் தொடங்கிய ஸ்டூடியோ ஆர்ட் குவில்ட் அசோசியேட்ஸ் என்ற அமைப்பு வருடாவருடம் நடத்தும் ஏலத்துக்கு உறுப்பினர்கள் கொடுப்பதும் இந்த 12 அங்குலம்தான். எங்கள் ஊருக்கும் அது பொருந்துகிறது. லீவுக்கு வந்து போகிறவர்கள் பெட்டியில் உடுப்புக்கு நடுவே வைத்துக்கொண்டு போய்விடலாம்.

முதலில் அடி விழுந்தது துணியில். ‘நூறு வீதம் கொட்டன்’ என்று கடைக்காரர் அடித்துச் சொன்ன வெள்ளைத் துணி, சாயத்தில் ஊறி, கழுவினதும் வெளிறிப்போய்விட்டது. பாதிக்குப் பாதி பொலியஸ்டர் கலந்தது. நான் பாவிக்கும் புரோசியன் எம்எக்ஸ் வகைச் சாயம் பருத்தியில்தான் பிடிக்கும், பொலியஸ்டரில் பிடிக்காது. கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோனபோது, நனைத்த துணியை எடுக்கமாட்டோம் என்றார். அதனால் ஒரு முழம் மட்டும் வாங்கி வந்து, விளிம்பில் இரண்டு நூலை இழுத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறினதும் கறுத்த கட்டியாக நிற்கும். சரி என்று கண்டபிறகு மிச்சத்தை வாங்கலாம். வாங்கினதும் கொதிதண்ணீரில் போட்டுக் கஞ்சியை முழுக்க எடுத்துவிடுங்கள்.

அப்புறம் சோடா. சலவைச் சோடா கேட்ட இடத்தில் அப்பச்சோடாவைக் கட்டித் தந்துவிட்டார்கள். இரண்டும் வெள்ளைத் தூள்தானே என்று கடைப் பையன் நினைத்திருப்பான். அப்பச்சோடாவுக்குக் காரம் குறைவு. பச்சைத் தண்ணீரில் அது சாயத்தைத் துணியோடு பிடிக்கவைக்காது. பொதியில் சோடியம் காபனேற்று என்று இருக்கவேண்டும். இருகாபனேற்று என்று கண்டால் வாங்காதீர்கள்.

தண்ணீர்தான் எனக்குப் பெரிய பாடாகிப்போனது. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளை படிவது அதனால்தான். கரைப் பக்கத்துக் கிணறு என்றால் உவரும் சேர்ந்துகொள்ளும். தண்ணீரில் இருக்கும் அந்தக் கல்சியம் சலவைச் சோடாவோடு சேர்ந்ததும் வெண்படிவாகித் துணியில் இறங்குகிறது. சாயத்தோடும் சேர்ந்து நிறத்தை மங்கவைக்கிறது. என்னுடைய நீலம் திட்டுத் திட்டாக வந்தபோது சாயம் பழசாக்கும் என்று புதுசு வாங்கினேன், அதுவும் அப்படியே வந்தது. முன்பு பற்றிக் (மெழுகு வைத்துத் துணிக்குச் சாயமிடுவது) வேலை செய்த ஒரு அக்காதான் துணியைப் பார்த்ததுமே, “இது தண்ணியின்ர வேலை. மாரி மழை வர, தண்ணியைப் பிடிச்சு வை பிள்ளை” என்றா. அதன் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் பரல் வைத்துப் பிடிக்கிறேன். கூரை கழுவும் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் இருந்து பிடிக்கவேண்டும். தண்ணீர் முடிந்த மாதங்களில் சாயம் கரைக்கும்போது கொஞ்சம் சோடியம் ஹெக்ஸாமெட்டாபொஸ்பேட் சேர்க்கிறேன். அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வந்த நீலத்தை முதல் நீலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒரே போத்தல் சாயம் என்று நம்பவே முடியவில்லை.

வெளிநாட்டுக் குறிப்புகளில் 24 மணித்தியாலம் ஊறவிடச் சொல்வார்கள். அது அவர்களுடைய குளிருக்கு. எங்கள் வெக்கைக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் துணி காயக்கூடாது, பொலிதீனால் மூடிவையுங்கள். சோடா கலந்த சாயமும் இந்த வெக்கையில் சீக்கிரம் செத்துப்போகும். அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் கலக்குங்கள்.

என் குவில்ட்களை ஆட்கள் தேடி வாங்குவது கிடுகுக்காக, அதாவது வேலி அடைக்கிற பின்னிய தென்னோலைக்காக. பழைய கிடுகுத் துண்டொன்றைக் கழுவிக் காயவைத்து, பின்னலின் மேல் பஞ்சால் பிளீச் ஒற்றி, கறுப்புப் பருத்தித் துணியில் அமர்த்தி எடுப்பேன். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு பின்னலின் மேடுகள் மட்டும் செம்மண் நிறத்தில் மெல்ல எழும்பி வரும், பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும். ஓலை மடிகிற இடம் தடித்த பட்டையாக விழும், ஈர்க்கு ஓடுகிற இடம் மயிரளவு கோடாக விழும். அதன் மேல் அதே செம்மண் நூலால் மெசினில் வரி ஓட்டினால், வேலி அப்படியே துணியில் நிற்கும். எல்லாக் கறுப்பும் இப்படி மாறாது. ஒன்று செம்மண்ணாகும், ஒன்று சாம்பலாகும், ஒன்று அசையவே அசையாது. ஒரு ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பட்டில் மட்டும் பிளீச் வேண்டாம், நாரையே தின்றுவிடும்.

பிளீச்சை நிறுத்துவதில்தான் கவனம் வேண்டும். தண்ணீரில் அலசினால் மட்டும் போதாது. மிச்சம் இருப்பது துணியைத் தொடர்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். வினாகிரியில் போடு என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நெஞ்சைப் பிடிக்கிற நஞ்சு. வேண்டியது சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர் ‘ஹைப்போ’ என்று சொல்வது அதைத்தான். எனக்கு அது ஒரு மீன்தொட்டிக் கடையில் கிடைத்தது, குழாய்த் தண்ணீரில் குளோரினை எடுக்க விற்கிறார்கள். இந்த வேலையை முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், கையுறையும் போடுங்கள்.

நடு அடுக்குக்கு மெல்லிய பிளனல் துணி போதும். குஷன் கடை ஸ்பொஞ்சை வைக்கவேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி உதிரும். தையல் பிரச்சினை இல்லாமல் முடிந்தது.

இனிப் பதிவு. தனி ஆள் வியாபாரம் என்றால் பிரதேச செயலகத்தில்தான் பதிய வேண்டும். படிவம், அடையாள அட்டைப் பிரதி, ஜி.எஸ் என்கிற கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், தொழில் செய்யும் இடத்துக்கான அத்தாட்சி. கேட்க லேசாகத்தான் இருக்கும். நாங்கள் இருப்பது சின்னம்மாவின் வீடு. சின்னம்மா ரொறன்ரோவில். இங்கே அரைவாசி வீடுகள் இப்படித்தான், வீட்டு உறுதிப்பத்திரம் ஒருவர் பேரில் இருக்கும், குடியிருப்பது இன்னொருவர். செயலகத்தில் இருந்த உத்தியோகத்தர் கேட்டார்:

“உறுதி ஆற்ற பேரில?”

“சின்னம்மான்ர பேரில, சேர். அவ கனடாவில.”

“அப்ப அவ வந்து கையெழுத்து வைக்கோணும்.”

வீட்டைப் பார்ப்பது மாமாதான், அற்றோணிப் பத்திரம் (சின்னம்மாவுக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) அவர் பேரில் இருக்கிறது என்று அப்போதே சொன்னேன். உத்தியோகத்தர் காதில் வாங்கவே இல்லை. சம்மதக் கடிதமாவது வேண்டும் என்றார். சின்னம்மா எழுதிக் கையெழுத்து வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினா. அச்செடுத்துக் கொண்டுபோனேன். மூலப் பிரதி வேண்டும் என்று திருப்பிவிட்டார். மூலப் பிரதி, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் வந்துசேர்ந்தது. அதைக் கொண்டுபோன அன்று சோலைவரி (வீட்டு வரி) கட்டிய பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார். அது வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? பேருந்துக்காசும் வெயிலும் ஒருபக்கம், ஒவ்வொரு முறையும் வேலையை நிறுத்திவிட்டுப் போய் வரிசையில் இருக்கிறோம். போகும்போதெல்லாம் ஒரு பேப்பர் மட்டும்தான் குறையும். முழுப் பட்டியல் தாருங்கள் என்று கேட்டால், “அதெல்லாம் பார்த்துத்தான் சொல்லலாம்” என்பார்.

கடைசியில் அவர் லீவில் நின்ற ஒரு புதன்கிழமை, அந்தக் கதிரையில் இருந்த மிஸ் கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தா. “அற்றோணி வைச்சிருக்கிற ஆள் இஞ்ச இருக்கிறாரோ? அப்ப அவர் கையெழுத்து வைச்சாக் காணுமே பிள்ளை. ஏன் கனடாவுக்கு அலைஞ்சனீங்கள்?” மாமா இருப்பது எங்கள் வீட்டில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. அன்று பின்னேரமே அவர் வந்து கையெழுத்து வைத்தார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

நீங்கள் போவதென்றால், வீடு யார் பேரில், அற்றோணி யாரிடம் என்பதை முதலே பாருங்கள். அந்தப் பத்திரத்தின் பிரதி, சோலைவரிச் சீட்டு, மின்சாரப் பட்டியல், எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். பொதுமக்கள் தினம் எது என்று கேட்டு அன்றைக்குப் போங்கள், உத்தியோகத்தர்கள் வெளிக்களத்துக்குப் போகாமல் இருப்பார்கள். ஒருவர் முடியாது என்றால், அவருக்கு மேலே இருப்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. சான்றிதழ் கிடைத்ததும் வியாபாரப் பேரில் வங்கிக் கணக்குத் திறந்தது அரை நாள் வேலைதான்.

விற்பனைக்கு நல்ல காலம் நல்லூர்த் திருவிழா நடக்கும் அந்த 25 நாளும். ஆடி ஆவணியில் லண்டன், கனடாப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்றபடியால் ஊர் நிறைந்திருக்கும். அதை நம்பி ஒரு தங்குவிடுதியில் 30 வீதக் கமிஷனுக்குத் துண்டுகள் கொடுத்தேன். பின்னேர வெயில் நேராக விழும் சுவரில் மாட்டினார்கள். மாற்றச் சொன்னேன், மாற்றவில்லை. சீசன் முடிந்து எடுக்கப் போனபோது நீலம் ஒரு பக்கம் வெளிறியிருந்தது. ஒரு துண்டைக் காணவில்லை. விற்றதா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இப்போது எங்கே கொடுத்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம், படம், விலை, வெயில் படாத இடத்தில் மாட்டவேண்டும் என்ற வரி, எல்லாம் எழுதி இரு தரப்பும் கையெழுத்து வைத்தபிறகுதான் கொடுக்கிறேன். தெரிந்தவர்கள் என்றாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

விலையைக் கேட்டு, “இந்தத் துண்டுக்கு 7,000 ரூபாவோ? அந்தக் காசுக்கு ஒரு சீலை எடுக்கலாமே” என்பவர்கள் நிறையப் பேர். நான் விலையைக் குறைப்பதில்லை. திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுவேன். மேல் விளிம்பில் தடி கோர்க்கத் தைத்த பட்டி, கீழே துணி லேபிளில் பேர், வருடம், பருத்தி, கிடுகு அச்சு, கையால் சாயமிட்டது என்ற விபரம். பின்பக்கம் துப்புரவாக இருந்தால் ஆட்கள் வேலையை நம்புகிறார்கள். சீலைக் கணக்குச் சொன்ன ஒரு அன்ரி, லேபிளை வாசித்துவிட்டு இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு போனா.

வெளிநாட்டுக்கு அனுப்புவது இன்னொரு கூத்து. லண்டனுக்குப் போன முதல் பார்சலில், கவுண்டரில் இருந்தவர் நான் எழுதியதை வெட்டிவிட்டு ‘பெட்சீட்’ என்று எழுதிவிட்டார். 12 அங்குலத்தில் எங்கே பெட்சீட்? பெறுமதியும் பொருளும் பொருந்தாமல் அங்கே சுங்கத்தில் நின்று, கன நாளுக்குப் பிறகு திரும்பி வந்தது. காசும் பேபாலில் வாங்கலாம் என்று நம்பியிருந்தேன், இலங்கைக் கணக்கில் பெற முடியவில்லை. வங்கிக்கே போடச் சொன்னேன்.

சொந்தக்காரர் எல்லாரும், “அன்பளிப்பு எண்டு எழுதிவிடு” என்கிறார்கள். விற்ற பொருளை அப்படி எழுதுவது பொய். பிரித்தானியாவுக்கு 39 பவுண் வரை, கனடாவுக்கு 60 டொலர் வரை வரி இல்லாத சலுகை உண்மையான அன்பளிப்புக்கு மட்டும்தான். வாங்கிய பொருளுக்குக் கனடாவில் 20 டொலருக்கு மேல் போனாலே வரி வரலாம். பிரித்தானியாவில் 135 பவுண் வரை சுங்கத் தீர்வை இல்லை, ஆனால் வற் (பெறுமதி சேர் வரி) உண்டு. இதை வாங்குபவருக்குக் காசு வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு மனக்கசப்பு வராது.

பார்சலில் ஒட்டும் சீஎன் 22 என்ற சுங்கப் படிவத்தில் ஆங்கிலத்தில் இவ்வளவும் இருக்கவேண்டும்: சுவரில் மாட்டும் அலங்காரத் துணி, பருத்தி, கைவேலை, அளவு, நிறை, உண்மையான விலை, சுங்கக் குறியீடு 6304. படுக்கைக் குவில்ட்கள் 9404இல் போகும், எங்களுடையது அது இல்லை. அடுத்த பார்சலில் இதை அச்சடித்து ஒட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் அதே ஆள்தான். பேனையைக் கையில் எடுத்தார். “ஐயா, இதில ஒண்டையும் மாத்தாதேங்கோ, சுங்கக் குறியீடும் போட்டிருக்கு” என்றேன். வாசித்துவிட்டு முத்திரை குத்தினார். பார்சல் லண்டனில் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் படிவம் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குப் பிரதி தருகிறேன். அளவு, நிறை, விலை மூன்றையும் மாற்றிக்கொண்டால் போதும்.