ஆச்சியின் சேலை நிறம் கிடைக்க மூன்று பயணம்

போன சித்திரையில் என் முதல் கேமராவை வாங்கினேன். ஆச்சிக்குப் போனில் படம் காட்டினால் சரியாகத் தெரிவதில்லை, கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் வீட்டுக்கு ஒரு போட்டோ பிரிண்டர் வாங்க நினைத்தேன். செங்கோட்டைக்காரர்களுக்குக் கிழக்கே போனால் தென்காசி, மலையைத் தாண்டினால் கேரளத்தின் புனலூர்.

முதலில் தென்காசி. "போட்டோ போடணும்" என்று இரண்டு முறை சொல்லியும் கடைக்காரர் எடுத்துக் காட்டியது பாட்டிலிலிருந்து மை ஊற்றுகிற நான்கு கலர் இங்க் டேங்க் பிரிண்டர். நிமிடத்துக்கு எத்தனை பக்கம், ஒரு பாட்டிலுக்கு எத்தனை பக்கம் என்றே பேசினார். அதெல்லாம் எழுத்து அடிக்கிற கணக்கு, படத்துக்குப் பொருந்தாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. டெஸ்ட் பிரிண்ட் கேட்டேன். டெமோ பீஸில் இங்க் இல்லை என்றார். அந்த இடத்திலேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

வீட்டில் ஆச்சி படத்தைப் பளபளப்பான கிளாஸி பேப்பரில் போட்டேன். பிரிண்ட் செட்டிங்கில் பேப்பர் வகையை மாற்றாமல் சாதாரணக் காகிதம் என்றே விட்டிருந்தேன். கறுப்பு மை மேலேயே நின்றது, விரல் பட்டதும் இழுவிவிட்டது. சரி என்று கிளாஸி என மாற்றிப் போட்டால் மை காய்ந்தது, ஆனால் பின்னால் இருந்த கறுப்புக் கதவு பழுப்பாகிவிட்டது. ஆச்சியின் அரக்குச் சேலையோ செங்கல் நிறத்தில் வந்தது. "ஏல, இது என் சேலையே இல்லையே" என்றாள்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. இந்த ரகத்தில் பல பிரிண்டர்களின் கறுப்பு பிக்மென்ட் மை, அதாவது நிறத்தூள் கலந்த மை, எழுத்துக்கானது. கிளாஸி என்று சொன்னதும் பிரிண்டர் அதைத் தொடாது, மற்ற மூன்று நிறங்களைக் கலந்துதான் கறுப்பை உண்டாக்கும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மை ஊற்றிவிட்டால் ரிட்டர்ன் கிடையாது என்றார்கள். வாங்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் ரிட்டர்ன் விதியைக் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பயணம் புனலூருக்கு. ரயில் வழக்கம்போல ஓடியது, பதிமூன்று கண் பாலத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே போய் இறங்கினால் ஒரு கடை திறந்திருக்கவில்லை. ஹர்த்தால், அதாவது கேரளத்துக் கடையடைப்பு! நம் பக்கம் எல்லாம் திறந்திருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் முந்தின நாள் ராத்திரி மலையாளச் செய்தியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்த முறை பென்டிரைவில் நான் எடுத்த இரண்டு படங்கள்: ஆச்சி, குற்றாலம் மெயினருவி. கடைச் சேட்டன் நான் வாய் திறப்பதற்குள் "போட்டோ உண்டோ?" என்று கேட்டார். எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஆறு கலர் பிரிண்டரில் போட்டுக் காட்டினார். வழக்கமான நான்கோடு வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் கூடுதல். அருவியின் வெள்ளையில் இருக்கும் மெல்லிய நீலம் புள்ளி தெரியாமல் வந்தது. சேலை அரக்காகவே இருந்தது!

அங்கே ஒரு சின்ன டை சப்ளிமேஷன் மெஷினும் இருந்தது, ரிப்பனில் இருக்கும் சாயத்தைச் சூட்டால் காகிதத்தில் ஏற்றுகிற வகை. மஞ்சள், மெஜந்தா, நீலம், கடைசியில் மேல்பூச்சு என்று காகிதம் நான்கு முறை போய் வந்து, காய்ந்த படமாகவே வெளியே வருகிறது. மை அடைப்புத் தொல்லையே இல்லை. மாதத்துக்கு நாலு படம் போடுகிறவர்களுக்கு அதுதான் நல்லது என்பேன். ஆனால் அதில் 4x6 அங்குல அளவுதான், ரிப்பனும் பேப்பரும் செட்டாகத்தான் வாங்க வேண்டும். எனக்கு ஏ4 வேண்டியிருந்ததால் ஆறு கலரையே எடுத்தேன்.

மெகாபிக்சலை நினைத்துப் பயப்படாதீர்கள். 4x6 படத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1200x1800 புள்ளிகள் போதும், 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். வாட்ஸ்அப்பில் வந்த நகலை மட்டும் நம்பாதீர்கள், அது சுருக்கி அனுப்பப்பட்டது.

அப்புறம் சாரல். ஆனி பிறந்ததும் எங்கள் ஊர்க் காற்றிலேயே ஈரம். பிரித்துப் போட்ட பேப்பர் சுருண்டுவிட்டது, படங்கள் பிசுபிசுத்தன. இப்போது ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன், போட்ட படத்தை ஒரு நாள் காயவிட்டுத்தான் சட்டம் போடக் கொடுக்கிறேன். பேப்பரில் எது மை ஏற்கும் பக்கம் என்று சந்தேகம் வந்தால் ஓரத்தை ஈரவிரலால் தொடுங்கள், லேசாக ஒட்டுகிற பக்கம்தான் அது.

வாரம் ஒரு கலர் படமாவது போடாவிட்டால் நாஸில், அதாவது மை தெளிக்கும் நுண்துளை, அடைத்துக்கொள்ளும். மையைப் பாய்ச்சி அந்தத் துளைகளைச் சுத்தம் செய்கிற ஹெட் கிளீனிங்கைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மைதான் வீணாகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் ஒரு படம் கட்டாயம். எந்தப் படம் என்று ஆச்சிதான் சொல்வாள்.