வெள்ளைக்கல் பொங்கவில்லை

2017ஆம் ஆண்டு மே மாதம் மூன்றாவது வாரத்தில் பாலக்காட்டிலிருந்து சேலத்துக்குக் குடிவந்தோம். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஏப்ரல் 30ஆம் தேதி, தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் நடந்து முடிந்திருந்தது. அடுத்த தேர்வு 2019 ஜூன் 9ஆம் தேதிதான் வந்தது. பெட்டி படுக்கையைக் கட்டும்போது இதையெல்லாம் நான் விசாரிக்கவில்லை. பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. சேலம் கோட்டம் 2007 நவம்பர் 1ஆம் தேதி, பெரும்பாலும் பாலக்காட்டுக் கோட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அன்றிலிருந்து இரண்டு ஊர்களுக்கும் இடையே குடும்பங்கள் மாறி மாறி இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. அவருடைய மாறுதல் உத்தரவு ஒரே ஒரு தாள். அந்தத் தாளோடு அவருடைய பணிக்காலம், சம்பளம், விடுப்புக் கணக்கு எல்லாம் ரயிலேறி வந்துவிட்டன. நான் ஒன்பது ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். மாநில எல்லையான வாளையாற்றைத் தாண்டியதும் அந்த ஒன்பது ஆண்டுகள் என்ன ஆயின என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை.

எங்கள் ஊர் பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழிப் படிப்பு, அதன் பிறகு ஆங்கிலம். அங்கே எங்களைத் தமிழ்க்காரர்கள் என்பார்கள். சேலத்தில் முதல் நாளே பக்கத்து வீட்டு அக்கா, "நீங்கள் கேரளாக்காரர்களா?" என்றார். வாக்கியம் முடியும் இடத்தில் என் குரல் மேலே ஏறுகிறதாம்.

ஒரு நீல நிற ஃபைல் வைத்திருந்தேன். கோழிக்கோடு பல்கலைக்கழகப் பட்டம், பி.எட்., கேரள மாநிலத் தகுதித் தேர்வில் தேறிய சான்று, இரண்டு பள்ளிகளின் அனுபவச் சான்று. இவற்றில் கேரளத் தகுதித் தேர்வு கேரளத்துக்குத்தான். ஒரு மாநிலத்தில் தேறியது இன்னொரு மாநில அரசுப் பணிக்குச் செல்லாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி 2010இல் தகுதித் தேர்வு கட்டாயமானபோது, மாநிலங்கள் தத்தமக்குத் தனித் தேர்வு வைத்துக்கொண்டன. மத்தியத் தகுதித் தேர்வு எழுதியிருந்தால் கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சி.பி.எஸ்.இ. பள்ளிகள் என்று எந்த மாநிலத்திலும் ஒரு கதவாவது திறக்கும். அதையும் நான் எழுதியிருக்கவில்லை. 2016 செப்டம்பருக்குப் பிறகு அந்தத் தேர்வு 2018 டிசம்பரில்தான் நடந்தது. ஊர் மாறுவதற்கு அதைவிடக் கெட்ட ஆண்டு ஒன்று ஓர் ஆசிரியைக்கு அமைந்திருக்க முடியாது.

அனுபவச் சான்றுகளில் ஒரு குறை இருந்தது. தாளாளர் கையெழுத்து இருந்தது, கல்வி அலுவலரின் மேலொப்பம் இல்லை. ஊரில் இருக்கும்போது அரை நாள் வேலை அது. சேலத்திலிருந்து அதற்காக இரண்டு முறை பாலக்காடு போய்வந்தேன். முதல் முறை அலுவலர் ஆய்வுக்கு வெளியே போயிருந்தார். பட்டத்துக்கு உண்மைத்தன்மைச் சான்று, வெளிமாநில பி.எட். என்பதால் இணைத்தன்மைச் சான்று என்று ஒவ்வொன்றும் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டியவை. இடம் மாறப் போகிற ஆசிரியைகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, "மேலொப்பம் வாங்கிவிட்டீர்களா?" என்பதுதான்.

ஜூன் முதல் வாரத்தில் தனியார் பள்ளிகளில் ஏறி இறங்கினேன். மார்ச், ஏப்ரலிலேயே ஆள் எடுத்து முடித்துவிடுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பள்ளி திறந்த பிறகு கிடைப்பவை பிரசவ விடுப்பு இடங்களும், பாதியில் யாராவது விட்டுப்போன இடங்களும்தான்.

ஒரு பள்ளியில் எல்லாம் பேசி முடிந்தது. சம்பளம் பாலக்காட்டில் வாங்கியதைவிடக் குறைவு, ஒப்புக்கொண்டேன். கடைசியில் அலுவலகத்தில் இருந்தவர் பச்சை நிற இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் உறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர், ஒரு பாடம். எல்லாம் அங்கே வேலை செய்கிற ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்கள். "ஒரிஜினலை இங்கே வைத்துவிடுங்கள் மேடம். கல்வியாண்டு முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்" என்றார். அவர் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்பதுபோலச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. என் பெயர் ஒரு பிளாஸ்டிக் உறை மேல் எழுதப்பட்டு அந்த பீரோவுக்குள் போவதை நினைத்துப் பார்த்தேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், அசல் சான்றிதழைப் பிணையாக வாங்கிக்கொண்டு கொடுக்கிற வேலை எதுவாக இருந்தாலும் அதை ஏற்கக் கூடாது. சரிபார்க்கக் கொடுக்கலாம், பார்த்த உடனே கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்டில் மாமாங்கம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். தலைப்பு அமிலங்களும் காரங்களும். பேசிக்கொண்டே போகாமல் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது பாதையோரம் வெள்ளை வெளேரென்று ஒரு கல் கிடந்தது. தொலைவில் தெரிந்த குன்றும் அதே வெள்ளை. சுண்ணாம்புக்கல்தான் என்று நினைத்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அமிலம் பட்டதும் நுரைத்துப் பொங்கும், பிள்ளைகள் கண் விரியும், அதிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

கடைசி பெஞ்சில் முதல்வரும் இரண்டு மூத்த ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கல்லைக் கண்ணாடித் தட்டில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அமிலம் கல்லை நனைத்து வழிந்து தட்டில் தேங்கியது. ஒரு குமிழி வரவில்லை. இன்னும் நாலு சொட்டு விட்டேன். கல் நனைந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்றான். "மிஸ், அது சுண்ணாம்பு இல்லை. வெள்ளைக்கல். மேக்னசைட். எங்கள் தாத்தா மைன்ஸில் வேலை செய்தார்."

வகுப்பே அமைதியாகிவிட்டது. என் காது சூடேறியது இன்றும் நினைவிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அந்தக் குன்றுகளுக்கு 'சாக் ஹில்ஸ்' என்று பெயர், சுண்ணக் குன்றுகள் என்று பொருள். வெள்ளையைப் பார்த்து அவர்கள் வைத்த பெயரும் தவறு, நான் நினைத்ததும் அதே தவறு. அது மெக்னீசியம் கார்பனேட். சுட்டால் எஃகு உலைகளுக்குள் பதிக்கும் சூடு தாங்கும் செங்கல்லுக்கு மூலப்பொருள். இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்தப் படிப்புக்கும் பாதையோரத்துக் கல்லுக்கும் என் மனத்தில் தொடர்பு இல்லாமல் போய்விட்டது.

"நீ சொன்னதுதான் சரி. நான் தவறாக நினைத்துவிட்டேன்" என்றேன். பிறகு சன்னல் ஓரம் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு சிட்டிகை சுரண்டி வரச் சொன்னேன். அதில் அமிலம் பட்டதும் சீறிக்கொண்டு நுரைத்தது. சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக மாறியிருக்கும். அடுத்து அந்தப் பையனையே அழைத்து வெள்ளைக்கல்லின் ஒரு துண்டை இடித்துப் பொடியாக்கச் சொன்னேன். பொடியைச் சோதனைக் குழாயில் போட்டு, அமிலம் ஊற்றி, சாராய விளக்கில் இலேசாகச் சூடு காட்டினோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு குழாயின் அடியில் ஊசிமுனை அளவு குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பின்னால் இருந்த பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்று பார்த்தார்கள். யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. இரண்டுமே கார்பனேட், ஒன்று உடனே பொங்குகிறது, இன்னொன்றுக்குப் பொடியும் சூடும் தேவைப்படுகின்றன, ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். முதல்வர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "திங்கட்கிழமையிலிருந்து வர முடியுமா?" பிரசவ விடுப்பில் போன ஆசிரியையின் இடம், ஆறு மாதம். பிறகு அதுவே இரண்டு ஆண்டுகள் நீண்டது.

அந்த இரண்டு ஆண்டுகளில் ஊரைப் படித்தேன். மாவுச்சத்துக்கு அயோடின் சோதனை என்றால் நான் உருளைக்கிழங்கை எடுப்பது வழக்கம். இங்கே குச்சிக்கிழங்கு என்றால்தான் பிள்ளைகளுக்கு முகம் மலர்கிறது. எங்கள் ஊரில் கப்பை என்போம், புத்தகம் மரவள்ளி என்கிறது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலையில் கிழங்கை அரைத்து, அதன் பாலைத் தொட்டியில் தேக்கி, மாவு படிந்ததும் களத்தில் காயவைப்பதைப் பத்து நிமிடம் நின்று விளக்கினாள். படிதல், வடித்தல், உலர்த்தல் என்று கலவைகளைப் பிரிக்கும் பாடம் முழுவதும் அதில் அடக்கம். அந்த ஆண்டு அந்தப் பாடத்தை நடத்தியவள் அவள்தான்.

2018 டிசம்பரில் மத்தியத் தகுதித் தேர்வு எழுதித் தேறினேன். அடுத்த ஜூனில் தமிழ்நாட்டுத் தேர்வு. 150 கேள்விகள், அதில் 30 மொழிப்பாடம். மலையாளத்தையும் தேர்ந்தெடுத்திருக்கலாம், தமிழில்தான் எழுதினேன். 86 மதிப்பெண். அப்போதைய விதிப்படி பொதுப்பிரிவுக்கு 90 வேண்டும், பிற்படுத்தப்பட்டோருக்கு 82 போதும். எங்கள் குடும்பம் கேரளத்தில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஆனால் சாதிச் சான்று அந்தந்த மாநிலத்துக்கு உரியது, எல்லை தாண்டி வந்தவர் பொதுப்பிரிவு. நாலு மதிப்பெண்ணில் நான் தமிழ்நாட்டு ஆசிரியை ஆகவில்லை. விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் எந்தச் சமூகம் பின்தங்கியிருக்கிறது என்பதை அந்த மாநிலத்தின் வரலாறுதான் சொல்ல முடியும். ஆனாலும் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. என் தாய்மொழி பேசும் மாநிலத்தில் நான் வெளிமாநிலத்தவள் என்று ஒரு விதி சொன்னதை ஏற்றுக்கொள்ளச் சில நாட்கள் ஆயின.

மத்தியத் தேர்வுச் சான்றுதான் கைகொடுத்தது. அப்போது அதற்கு ஏழாண்டுகள்தான் ஆயுள், 2021இல் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று அறிவித்தார்கள். அதை வைத்து ஏற்காட்டில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். ஏற்காட்டுக்குப் பள்ளிக்கூடங்கள் புதிதில்லை. குளிர்ந்த மலை என்பதால் 1894இல் சேக்ரட் ஹார்ட், 1917இல் மான்ட்ஃபோர்ட் என்று உறைவிடப் பள்ளிகள் எழுந்த இடம். நான் சேர்ந்தது அவ்வளவு பெரிய பள்ளி இல்லை. சுற்றுவட்டார மலைக்கிராமங்களின் பிள்ளைகளும் எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். தினமும் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். கோடை மழை பெய்த பிறகு காப்பி பூத்திருக்கும் நாட்களில் பஸ் சன்னலைத் திறந்துவைத்தால் மல்லிகை போல ஒரு மணம் உள்ளே வரும்.

சேர்ந்த முதல் வாரம், ஏழாம் வகுப்பில் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். கேரளாவிலிருந்து வருகிறேன் என்றதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "நீங்களும் மலையாளியா மிஸ்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகுதான் அவள் கேட்டதன் பொருள் எனக்கு உறைத்தது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்குப் பெயரே மலையாளிகள்தான். மலையை ஆள்பவர்கள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் இந்த மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்று அவர்களுக்குள் ஒரு கதை உண்டு. அவளும் அந்தச் சமூகத்துப் பெண். மிஸ்ஸும் தன்னைப் போல எங்கிருந்தோ வந்து மலையில் தங்கியவரா என்று கேட்கிறாள்.

"எந்த மலை மிஸ்?" என்றாள் மறுபடியும்.

கரும்பலகையில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு நீண்ட கோடாக வரைந்தேன். நடுவில் கோட்டை அழித்து ஒரு இடைவெளி விட்டேன். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். "எங்கள் ஊரில் மலை வழி விட்டு நிற்கும். நான் அந்த வழியாக வந்தேன்" என்று சொல்லி, கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் என்று புள்ளி வைத்து, வலது பக்கம் மேலே ஏற்காட்டை ஒரு சின்ன முக்கோணமாகப் போட்டேன். அவள் எழுந்து வந்து அந்த இடைவெளியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் மிஸ்?"

"ரயிலில் நாலு மணி நேரம்."

"அவ்வளவுதானா!" என்றாள்.