அரை அடி இடம்

தர்மபுரியில் எங்கள் தெருவில் சாக்கடைக்காக அரை அடி விடச் சொன்னதற்கே பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டு வருடமாக என்னோடு பேசுவதில்லை. குஜராத்தின் புஜ் ஊரை நினைத்தால் ஆச்சரியம்தான். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் பழைய ஊர் நொறுங்கியது, சந்தெல்லாம் குறுகல், இடிபாடு விழுந்ததும் உள்ளே போகவே வழியில்லை. அப்புறம் திரும்பக் கட்டும்போது மனைக்காரர்களிடம் கொஞ்சம் கொஞ்சம் இடம் வாங்கித்தான் சாலையை அகலமாக்கினார்கள். எப்படிச் சம்மதிக்க வைத்தார்களோ! இடிந்த அரசு மருத்துவமனையை ரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகள்மேல் கட்டியிருக்கிறார்கள், தரை ஆடினாலும் கட்டடம் அவ்வளவாக ஆடாது. லாரி ஓட்டும் மாமாவிடம் சொன்னேன்.

"நம்ம வண்டி ஸ்பிரிங் மாதிரிடா" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே.