கேட்ஸ்பிக்கு ஒரு கணக்கு நோட்டு

நம் சிங்கப்பூரில் கேஷ், கார், கிரெடிட் கார்டு, கொண்டோ, கன்ட்ரி கிளப் என்று ஐந்து 'சி' சொல்வோமே, அதே கண்ணோடு பழைய அமெரிக்க நாவல்களைத் திறந்தால் மாளிகையும் விருந்தும்தான் தெரியும். சில்லறைக் கணக்கு நழுவிப்போகும். ஒரு தாளில் வரவு, செலவு, பிறர் கொடுத்தது என மூன்று பத்தி போட்டுக்கொண்டு படியுங்கள்.

ஹொரேஷியோ ஆல்ஜரின் 'ரேக்ட் டிக்' (1868) உழைத்து முன்னேறிய பையன் கதை என்று பெயர் வாங்கியது. ஷூவுக்குப் பாலிஷ் போடும் டிக் சேமிக்கிறான், எழுத்து கற்கிறான், உண்மைதான். ஆனால் வாரம் 10 டாலர் வேலை கிடைப்பது, தண்ணீரில் விழுந்த பணக்காரர் வீட்டுக் குழந்தையைத் தூக்கியதால். மூன்றாவது பத்தி!

டிரைசரின் 'சிஸ்டர் கேரி'யில் (1900) கணக்கு இன்னும் கறார். சிகாகோ ஷூ தொழிற்சாலையில் கேரிக்கு வாரம் 4.50 டாலர். அக்கா வீட்டில் தங்கிச் சாப்பிட 4 போய்விடும். மிச்சம் 50 காசு. குளிருக்கு உடுப்பில்லை, உடம்புக்கு முடியாமல் படுக்கிறாள், வேலை போகிறது. அப்போது அறிமுகக்காரனான விற்பனையாளன் ட்ரூவே அவள் கையில் வைப்பது இரண்டு பத்து டாலர் நோட்டு, நாலு வாரத்துக்கும் மேலான கூலி. இதைக் கூட்டிப் பார்க்காமல், அவனோடு போய்விட்டாளே என்று அவள் ஒழுக்கத்தை அலசுவது அரைகுறை வாசிப்பு.

ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937): பண்ணைக் கூலிகள் ஜார்ஜும் லென்னியும் வாங்கக் கனவு காணும் நிலத்தின் விலை 600 டாலர். அவர்களோடு சேரும் கிழவர் கேண்டி போடக்கூடியது 350. அதில் 250 கை போனதற்குக் கிடைத்த ஈட்டுத்தொகை. மற்ற இருவரும் ஒரு மாதம் காசைத் தொடாவிட்டால் 100. ஆக 450. எட்டாத கனவாக இருந்தால் இவ்வளவு வலிக்காது. 150 டாலர்தான் துண்டு விழுகிறது.

பலரும் சறுக்குவது, பழைய டாலரை இன்றைய வெள்ளிக்கு மாற்றிப் பார்ப்பதில். அது வேண்டாம். அதே புத்தகத்துக்குள் இருக்கும் கூலியாலோ வாடகையாலோ வகுங்கள். 'தி கிரேட் கேட்ஸ்பி'யில் (1925) கதைசொல்லி நிக் தரும் வாடகை மாதம் 80 டாலர். கேட்ஸ்பி காதலிக்கும் டெய்சிக்கு, அவள் கணவன் டாம் கொடுத்த முத்துமாலை 3,50,000. வகுத்தால் 364 வருட வாடகை! அந்த மாலையோடுதான் கேட்ஸ்பி போட்டி போடுகிறான். கடைசி அத்தியாயத்தில் அவன் அப்பா காட்டும் சிறுவயது அட்டவணையில் வாரம் 5 டாலர் சேமிப்பு என்று எழுதி, அடித்து, 3 ஆக்கியிருப்பான்.