மூன்று இரவு இறக்கிய ஏமாற்றம்

கோத்தகிரியில் விடாத மழை. கரண்ட் வந்த இடைவெளிகளில், மூன்று இரவு கண்விழித்து, நாமே கதாபாத்திரமாகி முடிவெடுத்து ஆடும் 110 ஜிபி ரோல் பிளேயிங் கேம் ஒன்றை இறக்கினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற மலை ரயிலுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆனால் வந்து சேர்ந்துவிடும்.

இந்தக் கேமில் எதுவும் எங்கும் சேர்வதில்லை. முதல் கிராமத்தில் ஒரு கிழவி, காணாமல் போன மகனைத் தேடித் தரச் சொன்னாள். சரி என்றாலும் முடியாது என்றாலும் அதே நன்றி. பிறகு எதற்கு நான்கு பதில்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்? மகனைக் கண்டுபிடித்து அழைத்தும் வந்தேன். வாசலில் இடுப்பளவு தரைக்குள் புதைந்து நிற்கிறான். கிழவி இன்னும் அவனைத் தேடச் சொல்லி அழுகிறாள்.

"அடுத்த அப்டேட்டில் சரியாகும்" என்கிறார்கள் தயாரித்தவர்கள். அது ஒரு 40 ஜிபி! லாரியன் நிறுவனம் பால்டர்ஸ் கேட் 3 என்ற இதே வகைக் கேமை 2020-இல் விற்கும்போதே, இது முழுமையடையாதது என்று சொல்லித்தான் விற்றது. ஆடியவர்களின் குறைகளைக் கேட்டுத் திருத்தி, 2023-இல் முழுதாக வெளியிட்டது. இவர்களோ முடிந்தது என்று சொல்லி விற்றுவிட்டு, சோதனை வேலையை நம் தலையில் கட்டுகிறார்கள்.

தேநீரும் வர்க்கியும் கொண்டுவந்த அம்மா திரையைப் பார்த்துக் கேட்கிறார்: "யாரடா அந்தப் பையன், மண்ணுக்குள் நிற்கிறான்?"