விரல்களில் இருந்த பாட்டு

மறதிநோய் கண்ட முதியவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். எங்களுக்கு மிகவும் கடினமான வேளை மாலை ஐந்து மணிக்கு மேல்தான் தொடங்கும். வெளிச்சம் மங்கியதும், பகலெல்லாம் அமைதியாக இருந்தவர்கள்கூட வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாசற்கதவைப் பிடித்து உலுக்குவார்கள். பெற்ற பிள்ளை எதிரே நின்றாலும் யாரோ என்று மிரள்வார்கள். மாத்திரையைக் கூட்டாமல் அந்த இரண்டு மணி நேரத்தைக் கடக்க வழி தேடியபோதுதான் இசையைப் பற்றி அக்கறையோடு படிக்கத் தொடங்கினேன்.

தொடக்கத்தில் நான் செய்தது தவறு. எந்த ராகம் எந்த நோயைத் தீர்க்கும் என்று பட்டியலிட்ட தாள் ஒன்று எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. தாலாட்டுக்குரிய ராகம் என்று பெயர் பெற்ற நீலாம்பரியை வீணையில் வாசித்த பதிவை, கூடத்து ஸ்பீக்கரில் ஒரு வாரம் மாலைதோறும் ஒலிக்க விட்டேன். சிலர் அமைதியானார்கள். ஆனால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவர் மூலையில் ஒடுங்கிவிட்டார். நோய் முற்றியவர்களுக்கு வேண்டிய ஒலியையும் வேண்டாத ஒலியையும் பிரித்துக் கேட்பது கடினம். சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம், தொலைக்காட்சி, மற்றவர்களின் பேச்சு ஆகியவற்றோடு வீணையும் சேர்ந்து அவருக்கு வெறும் இரைச்சலாகிவிட்டது. அவரை அங்கிருந்து எழுப்பி அழைத்து வர அரைமணி நேரம் ஆயிற்று. அந்தத் தாளை அன்றே கிழித்துப் போட்டேன். ராகத்துக்கு மனத்தை அசைக்கும் ஆற்றல் இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுப்பதற்கு அது மாத்திரை அல்ல. பள்ளி இறைவணக்கப் பாட்டை அருகில் அமர்ந்து மெல்லப் பாடினால் அதே தலைமையாசிரியர் விறைப்பாக எழுந்து நிற்பார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மனிதர்கள் தம் வாழ்வில் மிகுதியாக நினைவில் வைத்திருப்பது, ஏறத்தாழ பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான காலத்தைத்தான் என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே 1940-இல் பிறந்த ஒருவருக்கு 1950 முதல் 1970 வரை வந்த பாடல்களைத் தேடி எடுக்கலானோம். பலருக்கு அது பலித்தது. டெல்டா மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு மட்டும் எந்தத் திரைப்பாட்டும் எட்டவில்லை. அவரைக் குளிக்க வைப்பதே நாள்தோறும் போராட்டம். தண்ணீரைக் கண்டாலே அடிக்க வருவார். அவருடைய மகளிடம் கேட்டதற்கு, "அம்மாவுக்குப் பாட்டெல்லாம் தெரியாதும்மா, காலமெல்லாம் வயல் வேலைதான்" என்றார்.

ஒரு நாள் மாலை, மன்னார்குடிப் பக்கத்தைச் சேர்ந்த எங்கள் ஆயா தரையைத் துடைத்துக்கொண்டே ஏதோ ஒரு நடவுப் பாட்டைத் தமக்குள் பாடினார். கட்டில் ஓரத்தில் அமர்ந்திருந்த பாட்டியின் இடது கை மெல்ல மடங்கி, நாற்று முடியை அணைத்துப் பிடிப்பதுபோல் மார்போடு சேர்ந்தது. வலது கையின் மூன்று விரல்கள் அதிலிருந்து எதையோ பிரித்தெடுத்துப் படுக்கை விரிப்பில் ஊன்றின. பாட்டின் அடுத்த அடிக்கு ஒரு சாண் பின்னால் ஊன்றின. நடவு நடுபவர்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள் என்பதை அந்த விரல்கள் மறக்கவில்லை. ஆயாவுக்குத் தெரிந்த அடிகள் முடிந்ததும், தெரியாத அடியைப் பாட்டியே எடுத்துப் பாடினார், முடிவில் குலவையிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏண்டி, நேரா நடு" என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் சொற்கள் அவைதாம்.

2015-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் படித்தபோது அந்த விரல்கள்தாம் என் கண்முன் வந்தன. நெடுநாள் பழகிய பாட்டை நினைவில் வைத்திருக்கும் மூளைப் பகுதிகள், மறதிநோய் வகைகளுள் ஒன்றான அல்சைமர் நோயில் மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே சிதைகின்றன என்றும், அவற்றுள் ஒன்று உடலசைவைத் திட்டமிடும் பகுதி என்றும் அவர்கள் கண்டிருந்தார்கள். 1985-இல் மூளைத் தொற்றால் நினைவை இழந்த ஆங்கிலேய இசைஞர் கிளைவ் வேரிங், சில நொடிகளுக்கு முன் நடந்ததையே மறந்துவிடும் நிலையிலும் பியானோ வாசித்தார்.

என்னை இன்றும் வியக்க வைப்பது, பாட்டு நின்ற பிறகும் அது தந்த மனநிலை நிற்பதுதான். பாடியதைப் பாட்டி ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார். ஆனால் முகத்தில் இருந்த தெளிவு ஒரு மணி நேரம் போல நீடிக்கும். அந்த வேளையில் குளிக்க அழைத்தால் தாமாகவே எழுந்து வருவார்.

அதன்பின் எங்கள் சேர்க்கைப் படிவத்தில், இளம் வயதில் என்ன வேலை செய்தார், அப்போது உடனிருந்தவர்கள் என்ன பாடினார்கள் என்று ஒரு கேள்வியைச் சேர்த்தோம். பெரும்பாலான பிள்ளைகள் அதை நிரப்புவதில்லை, அவர்களுக்குத் தெரியாது. நடவுப் பாட்டை, அதுவும் அந்தந்த ஊர்க்காரர்கள் பாடிய விதத்தில், கைப்பேசியில் தேடி எடுக்கவும் முடிவதில்லை. அதனால் ஆயாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவர் விடுப்பில் இருக்கும் நாட்களில் நானே பாடுகிறேன். நான் அடி மாற்றிப் பாடிவிட்டால் பாட்டி நட்டுக்கொண்டிருக்கும் கையை நிறுத்திவிட்டு, நான் சரியான அடிக்குத் திரும்பும் வரை நாற்று முடியை அணைத்தபடியே காத்திருக்கிறார்.